இடக்கைக் கிற்றார்

பெட்டி கடைக்குத்தான் வந்தது. ரூ பெர்தொனே தெருவில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடையின் விலாசத்தைக் கொடுத்திருந்தேன். வீட்டு விலாசம் கொடுத்தால் தபால்காரர்கள் நாலாம் மாடி ஏறப் பஞ்சிப்பட்டு, ஆள் இல்லை என்று துண்டு ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். முதலாளி என்னைவிட இளையவர், வாய் சும்மா இருக்காது. பெட்டிக்குள் வளைத்து வைத்திருந்த பக்கப் பலகைகளைக் கண்டதும், "என்ன அண்ணை, தொட்டிலோ? இந்த வயசிலையோ?" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கிற்றார். நானே செய்யப் போறன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. என் இடக்கையைப் பார்த்தார்.

இடக்கையில் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நுனி இல்லை. முன்பு வேலை செய்த உணவகத்தில் இறைச்சி வெட்டும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. அதுவரைக்கும் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவுக்கு நான்தான் கிற்றார். என் மனைவி அந்தக் குழுவில் பாடுகிறவள். அவளுக்குப் பக்கத்தில்தான் என் கதிரை. தந்தியை அழுத்தும் விரல்கள் போன பிறகு, பழைய கிற்றாரை யாருக்கோ கொடுத்துவிட்டுத் தேவாலயத்தின் கடைசி வாங்கில் போய் இருந்துகொண்டேன்.

வலக்கையால் அழுத்தி இடக்கையால் மீட்டலாம் என்று எனக்கும் தெரியும். எல்லாவற்றையும் புதிதாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இடக்கைக்காரரின் கிற்றார் ஒன்றை வாங்கி வந்து, வாசிக்க வராமல் போனால் எந்த முகத்தோடு இருப்பது? செய்கிறேன் என்று சொன்னால் அது தச்சு வேலை. வாசிப்பைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். மரவேலையில் ஆசை என்று மனைவிக்குச் சொன்னதெல்லாம் சும்மா கதை.

குசினி மேசை பட்டறையாகியது. பக்கப் பலகையின் உள்விளிம்பில் மெல்லிய சட்டம் ஒன்றை ஒட்டி, காயும் வரை நெருக்கமாகக் கவ்விப் பிடிக்க வேண்டும். வீட்டில் இருந்த உடுப்புக் கிளிப்புகள் முழுவதும் அதற்குப் போய்விட்டன. "ஈர உடுப்பை என்ரை தலையிலையோ காயப்போடுறது?" என்றாள் மனைவி. ஒட்டிய பலகைக்குப் பாரமாக அரிசி மூட்டையை ஏற்றினேன். இது கடைக்காரனின் மூளை. அரிசி மூட்டை மேலே படுத்துக்கொண்டால் எந்த மூலையும் எழும்பாது. சோறு காய்ச்ச வேண்டிய நேரத்தில் அவள் மூட்டை அசையாமல் பேணியால் மெல்ல அள்ளினாள்.

மேற்பலகையில்தான் சனியன் பிடித்தது. அதன் உட்புறத்தில் ஒட்டும் சட்டங்கள்தான் தந்திகளின் இழுவையைத் தாங்குகின்றன. அவற்றில் இரண்டு, தடித்த தந்திகள் இருக்கும் பக்கத்துக்குச் சாய வேண்டும். இடக்கைக் கிற்றாரில் அந்தப் பக்கம் மாறிவிடும். பெட்டியோடு வந்த படம் வலக்கைக்காரருக்கானது, மாற்றித்தான் ஒட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். மனைவிக்கும் சொன்னேன், முதலாளிக்கும் சொன்னேன். பிறகு பலகையைப் பழைய வழக்கப்படி மடியில் தூக்கி வைத்துப் பார்த்து, படத்தில் இருந்தபடியே வடிவாக ஒட்டி, மூட்டையையும் ஏற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் மூட்டையை இறக்கிப் பார்த்தால், என்னிடம் இல்லாத விரல்களுக்கு ஒரு கிற்றார் செய்து வைத்திருக்கிறேன்.

பலகையைக் குப்பையில் போட எடுத்தேன். சொன்னால் வெட்கம், மனதுக்குள் ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. மனைவி அடுப்படியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

"பொறுங்கோ. பசைதானே, சூட்டுக்கு இளகாதோ?" என்றாள்.

மெல்லிய கத்தி ஒன்றைப் பிட்டுப் பானையின் ஆவியில் பிடித்துச் சூடாக்கி, சட்டத்துக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்தாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, ஓர் இழுவையில் முறித்திருப்பேன். இரண்டு சட்டங்களும் முழுசாகக் கழன்று வந்தன. அவற்றை என் கையில் தந்துவிட்டுச் சொன்னாள்: "வாசிக்கப் பயமெண்டால் பயமெண்டு சொல்லுங்கோ. பலகையிலை பழியைப் போடாதேங்கோ."

பழைய பசையைச் சுரண்டி, சட்டங்களை மற்றப் பக்கமாகச் சாய்த்து ஒட்டினேன்.

கிற்றாரின் பெட்டியை மூடி, கழுத்தைப் பூட்டி, மெருகும் பூசியாயிற்று. தந்திகள் மட்டும் உறை பிரிக்காமல் கிடந்தன. நான் மினுக்கின இடத்தையே திரும்பவும் மினுக்கிக்கொண்டிருந்தேன். "இன்னும் தேய்ச்சால் பலகை முடிஞ்சு போம்" என்று சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை அவள் பாட்டுப் பயிற்சிக்குப் போனாள்.

கதவு சாத்தின சத்தம் கேட்டதும் தந்திகளைப் பூட்டினேன். வலக்கை விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்று தந்திகள் ஊமை, ஒன்று கரகரத்தது. எரிச்சலில் இரண்டு தரம் கட்டிலில் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்தேன். கடைசியில் ஒரு தரம் ஆறு தந்தியும் சேர்ந்து ஒலித்தன. பெட்டி என் வயிற்றோடு சேர்ந்து அதிர்ந்தது. நான் செய்த பெட்டி. விசரன் மாதிரித் தனியாக இருந்து சிரித்தேன். பிறகு அவள் வரும் வரைக்கும் விடவில்லை.

வந்தவுடன் நண்டுக் கறி வைத்தாள். ஒரு காலை உடைத்துக் குழம்பில் தோய்த்தேனோ இல்லையோ, விரல் நுனி நெருப்பாக எரிந்தது. கையை உதறினேன்.

"உறைப்புக் கூடிப் போச்சோ?"

"இல்லையப்பா. கை எரியுது."

என் வலக்கையை இழுத்து, குழம்பைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகளில் தந்தி பதிந்த சிவப்புக் கோடுகள். எத்தனையோ நாள் என் மற்றக் கையை மருந்து கட்டுவதற்காக இப்படித்தான் பிடித்துப் பார்த்திருக்கிறாள். எழும்பிப் போய்க் கரண்டி ஒன்றை எடுத்து வந்து என் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். என் பங்கு நண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் உடைச்சுத் தாறன், நீங்கள் கரண்டியாலை சாப்பிடுங்கோ. நத்தார்ப் பூசைக்கு உந்த விரல் வேணும்."

நண்டுக் கறியைக் கரண்டியால் சாப்பிடுகிறவர்களை நான் மனிதராகவே மதித்ததில்லை. அன்றைக்கு அவள் உடைத்துத் தரத் தர, கரண்டியாலேயே வயிறு முட்டச் சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.