பதினேழாவது கட்டு

அத்தை கீழ்க்கோர்ட்டின் பதிவறையில் இருபத்தாறு ஆண்டுகளாக எழுத்தர். யாராவது மேல்முறையீடு செய்தால், உயர் நீதிமன்றம் பழைய வழக்குக் கட்டைக் கேட்டுக் கடிதம் அனுப்பும். அத்தை கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தாளுக்கும் சிவப்புப் பென்சிலால் எண் போட்டு, ஓரம் தைத்து, முத்திரை வைத்து அனுப்புவாள். ஒரு கட்டுக்கு மூன்று நாள் ஆகும். கட்டு போய்ச் சேராமல் மேலே விசாரணை தொடங்காது.

வக்கீல் குமாஸ்தாக்கள் அவளுக்கு வைத்த பெயர் தராசு. ஒரு மிட்டாயைக்கூட அவள் மேசையில் வைக்க விடமாட்டாள்.

"தராசம்மா, உங்க தட்டுல ஈ உட்கார்ந்தாலும் எடை போடுவீங்க போல."

"ஈ எந்தத் தேதியில வந்துச்சுன்னு சொல்லுங்க. வரிசையில சேர்த்துக்கறேன்."

கடிதம் வந்த தேதிப்படிதான் கட்டுகள் போகும். அந்த வரிசைக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. சிறையில் இருப்பவர்களின் கட்டு முதலில் போக வேண்டும்.

அவளுடைய தம்பி, என் சித்தப்பா, கடிகாரம் பழுது பார்ப்பவர். திருட்டுக் கடிகாரங்களை வாங்கி விற்றதாகக் கீழ்க்கோர்ட் அவருக்கு நான்கு ஆண்டு கொடுத்தது. இரண்டு முறை கேட்டும் ஜாமீன் கிடைக்கவில்லை. அவருடைய கட்டைக் கேட்டு வந்த கடிதம் அத்தையின் மேசையில்தான் விழுந்தது.

அவள் அதைச் சிறைவாசிகளின் அடுக்கில் வைக்கவில்லை. பொது வரிசையின் கடைசியில் வைத்தாள். பதினேழாவது.

அதைப் பார்த்துவிட்ட ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார். "உள்ள இருக்கறவர் கட்டு முதல்ல போகணும்னு விதியே இருக்கு. தம்பின்னா விதி மாறிடுமா?"

"தம்பி கட்டை முன்னால தூக்கி வச்சுட்டாள்னு நாளைக்கு நீங்களே பேசுவீங்க."

"உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாதும்மா. அதுக்காக அவரை உள்ளேயே மூடி வைப்பீங்களா?"

அத்தை பென்சிலைச் சீவினாள்.

மாதம் ஒருமுறை சிறைக்குப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் சர்க்கரை நோய் சித்தப்பாவின் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது.

"அக்கா, நிக்கறது நீயா வார்டரான்னு தெரியல. எறும்புக் கண் அளவு திருகாணியை எடுத்த கண்ணு இது. கட்டு எப்ப போகும்?"

"போயிடும்டா. முன்னால இன்னும் பதினோரு பேர் இருக்காங்க."

புதிதாகச் சிறைக்கு வந்தவர்களின் கட்டுகள், விதிப்படி, அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. அவருடையது போய்ச் சேர ஒன்பது மாதம் ஆனது. உயர் நீதிமன்றம் நாற்பது நிமிடம் கேட்டு, குற்றத்துக்கு ஆதாரமே இல்லை என்று விடுதலை செய்தது. வெளியே வந்தவரைப் பரிசோதித்த மருத்துவர், ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் ஒரு கண்ணையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

மூன்று ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீட்டுக்கு வந்த முதல் மாலை, அத்தை வேலையிலிருந்து திரும்பி முகம் கழுவினாள். சித்தப்பா நாற்காலியில் காத்திருந்தார்.

"எடு அக்கா."

அவள் தீர்ப்பின் நகலை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படித்தாள். பதின்மூன்றாம் பக்கத்தில் குரல் இறங்கியது.

"கேக்கல."

"பதிவறை எழுத்தரின் தாமதத்தால், சிறையில் இருக்கத் தேவையே இல்லாத ஒருவர் கூடுதலாக ஒன்பது மாதம் அங்கே இருந்திருக்கிறார்."

"யாராம் அந்த எழுத்தர்?"

"நான்தான்டா."

"சரி. மேல படி."

"போதும், விடுங்க சித்தப்பா" என்றேன்.

"நீ சும்மா இரும்மா. உங்க அத்தை எதையும் நடுவுல நிறுத்தமாட்டா. தினமும் முழுசாத்தான் படிப்பா."

அவள் முழுசாகப் படித்தாள். தினமும் புரட்டிப் புரட்டிப் பதின்மூன்றாம் பக்கம் மட்டும் நைந்து, அன்று கையோடு கிழிந்து வந்தது.

மறுநாளே புது நகலுக்கு விண்ணப்பம் போட்டாள். நகல் பிரிவில் இருப்பவள் அவளுடைய நெடுநாள் தோழி. உள்ளே வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாளாம். அத்தை ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்று வாங்கி வந்தாள்.