பொம்மைக் கடையும் பூட்டுப் படமும்

இரண்டாயிரத்து மூன்றாக இருக்கும், அல்லது நான்காக. அப்போது நாங்கள் பெஹாலாவில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எனக்குக் கோப்பு தள்ளுகிற வேலை. மாற்றலாகிக் கொல்கத்தாவுக்கு வந்து பத்து வருஷம் ஓடியிருந்தது. என் மனைவி ஒவ்வொரு வருஷமும் நவராத்திரிக்கு முன்னால் ரயிலேறி கிருஷ்ணநகர் போய், அங்கே செய்கிற களிமண் பொம்மைகளை வாங்கி வருவாள். சொந்தக்காரர்கள் கொலுவுக்கு அனுப்பத் தொடங்கியது, அவர்களுடைய சிநேகிதிகள், சிநேகிதிகளின் அக்கா தங்கைகள் என்று வளர்ந்து வெளிநாடு வரை போய்விட்டது. ஒரு நோட்டுப் புத்தகத்தையும் தொலைபேசியையும் வைத்துக்கொண்டு அவள் பாட்டுக்கு நன்றாக நடத்திக்கொண்டிருந்தாள்.

அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன்.

"இதை ஆன்லைன்ல போடணும். பாக்கறவங்க அங்கேயே கார்டுல பணம் கட்டிட்டுப் போயிடணும்."

"யாரு பண்றது?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

ஜாதவ்பூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சனிக்கிழமை மத்தியானங்களில் மூன்று மாதம் வெப் டிசைன் படித்திருந்தேன். வகுப்பில் நரைத்த தலை என் ஒருவனுடையதுதான். முடிவில் கொடுத்த சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தேன். அரசு ஊழியன் வியாபாரம் செய்யக்கூடாது என்பதால் கடை மனைவியின் பெயரில். எனக்கு நானே தொழில்நுட்பத் தலைவர் பதவி கொடுத்துக்கொண்டேன். எனக்குக் கீழே யாரும் கிடையாது.

ஒரு மாதத்தில் தளம் தயாராகிவிட்டது. பொம்மையைத் தேர்ந்தெடுத்தால் பணம் கட்டும் பக்கம் வரும். அதில் கார்டு எண், காலாவதி தேதி, அட்டையின் பின்னால் இருக்கும் மூன்று எண்கள் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தேன். வாடிக்கையாளர் நிரப்பிப் பட்டனை அழுத்தினால் அத்தனையும் என் மின்னஞ்சலுக்கு வந்து சேரும். பாதுகாப்பு முக்கியம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதனால் பெரிய கடைகளின் தளங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு சின்னப் பூட்டு இருந்தது. நானும் ஒரு பூட்டு வரைந்தேன். அவர்களுடையதைவிடப் பெரிதாக, தங்க நிறத்தில், சாவித் துவாரத்தில் கொஞ்சம் நிழல் எல்லாம் கொடுத்து. அதைப் பக்கத்தின் தலையில் வைத்து, கீழே 'நூறு சதவீதம் பாதுகாப்பானது' என்று எழுதினேன். பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பூட்டுத்தான் இருக்கிறதே!

முதல் கடிதம் மஸ்கட்டிலிருந்து வந்தது. ஒரு தமிழ்ப் பெண்மணி. தசாவதார செட் வேண்டும் என்று ஆரம்பித்து, மிகவும் மரியாதையாக இரண்டு விஷயம் எழுதியிருந்தார். ஒன்று, பூட்டு என்பது பக்கத்துக்குள் இருக்கும் படம் இல்லை, பிரவுசரின் கீழ் ஓரத்தில் (அந்தக் காலத்தில் அங்கேதான் வரும்) அதுவாக வர வேண்டும். உங்கள் பூட்டை நான் நாலு தடவை அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு, என் கார்டு எண் உங்களுக்கு வந்து சேர்ந்தால் அதை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படிப் பணம் எடுப்பீர்கள்?

என் தோளுக்குப் பின்னால் நின்று மனைவியும் படித்துவிட்டாள்.

"நல்ல கேள்வியா கேட்டிருக்காங்க. எப்படி எடுப்பீங்க?"

"பேங்க்ல நம்பரைக் குடுத்தா எடுத்துக் குடுப்பாங்க."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அதுவரை நான் ஒரு கிரெடிட் கார்டைக் கையால் தொட்டதுகூட இல்லை. எண் வந்தால் பணமும் பின்னாலேயே வந்துவிடும் என்று ஒரு மாதம் முழுக்க நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு, 'எங்கள் தொழில்நுட்பக் குழு இதைப் பரிசீலித்து வருகிறது' என்று பதில் போட்டேன். குழு அப்போது பனியனோடு உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தது.

மறுவாரம் அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, இந்த மாதிரிப் பணம் வாங்கித் தருகிற நிறுவனம் ஒன்றைத் தேடிப் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகச் சொன்னார். கார்டு எண்ணை வாடிக்கையாளர் எங்கள் பக்கத்தில்தான் தட்டுவார், நாங்கள் வங்கியிடம் பணத்தைக் கேட்டு வாங்கி உங்களுக்கு அனுப்புவோம், அந்த எண் உங்கள் கண்ணில் படவே கூடாது. நான் செய்து வைத்திருந்ததை மெதுவாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாராவது எண்ணை அனுப்பியிருக்கிறார்களா?" என்றார். இல்லை என்றதும், "கடவுள் காப்பாற்றினார்" என்றார். அவர்களையா என்னையா என்று நான் கேட்கவில்லை.

கார்ப்பரேஷன் லைசென்ஸ், நடப்புக் கணக்கு, தளத்தில் விதிமுறைகள் பக்கம், நேரில் பரிசோதனை என்று ஒரு பட்டியல் கொடுத்தார். விதிமுறைகள் எழுதுவதற்கு எனக்கு ஒரே நாள்தான் ஆயிற்று. ஏதோ ஒரு விமான நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்து, பெயரை மட்டும் மாற்றி ஒட்டினேன். ஆங்கிலம் அவ்வளவு கம்பீரமாக இருந்ததால் முழுக்கப் படிக்கவில்லை.

பரிசோதனைக்கு வந்தவர் ஐம்பது வயசு பெங்காலிக்காரர். வாசலில் குடையை மடக்கி வைத்துவிட்டு, கூடம் நிறைய வைக்கோலும் அட்டைப் பெட்டியும் பொம்மையுமாக இருந்ததைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். மனைவி காபி கொடுத்தாள். அவர் பையிலிருந்து எங்கள் விதிமுறைகளின் அச்சுப் பிரதியை எடுத்தார். பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"தாதா, பயணி புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக வர வேண்டும் என்று போட்டிருக்கிறீர்களே. யார், பொம்மையா?"

தாதா என்று அண்ணன் மரியாதை கொடுத்துத்தான் கேட்டார், ஆனாலும் எனக்குக் காது சுட்டது. அவர் விடவில்லை. "கர்ப்பிணிகள் மருத்துவர் சான்றிதழ் கொண்டு வர வேண்டுமாம்." மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் நன்றாகவே கேட்டது.

அவள் திரும்பி வந்ததும் அவர் அவளை அண்ணி முறை வைத்துக் கேட்டார். "பௌதி, பொம்மை உடைந்து போய்ச் சேர்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"போட்டோ அனுப்பச் சொல்வேன். வேற பொம்மை இருந்தா அனுப்புவேன். இல்லாட்டி பணத்தைத் திருப்பிடுவேன். உடைஞ்சதைத் திருப்பி அனுப்ப வேண்டாம், பாவம், அதுக்கு வேற எதுக்குச் செலவு?" என்றாள், அவளுக்குத் தெரிந்த பெங்காலியில்.

"இதுதான் விதிமுறை. இதை எழுதுங்கள்" என்று என் பக்கம் திரும்பினார். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒன்பது வரிகளில் முடிந்துவிட்டது.

அனுமதி கிடைத்தது. பெயரும் முகவரியும் எங்கள் பக்கத்தில் வாங்குவதால் அதற்கும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கி சர்வரில் போட்டோம். போட்ட பிறகும், பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் 'இதில் பாதுகாப்பில்லாத பொருள் ஏதோ இருக்கிறது' என்று பிரவுசர் எச்சரித்தது. மூன்று நாள் தேடினேன். சர்வர் நிறுவனத்துக்குப் போன் செய்து, உங்கள் சான்றிதழ் போலி என்று கத்தினேன். எதிர்முனையில் இருந்தவர் எங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், எல்லாம் சரியாக இருக்கிறது. மேலே ஒரு தங்கப் பூட்டு இருக்கிறதே, அந்தப் படம் மட்டும்தான் பழைய பாதுகாப்பில்லாத முகவரியிலிருந்து வருகிறது. அதை எடுத்துவிடுங்கள்." நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மனைவியிடம் சர்வரில் கோளாறு, சரி பண்ணிவிட்டார்கள் என்றேன்.

கடைசியாக ஒரு உண்மையான கார்டால் வாங்கிப் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டேன். "நீங்க தங்கமான மனுஷன், தாதா. ஆனா கார்டு தரமாட்டேன்" என்றார். கடைசியில், நாங்கள் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் கீழ்வீட்டு அம்மாள் ஒப்புக்கொண்டார். வங்கியில் வேலை பார்த்தவர். மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், கார்டைக் கைப்பையிலிருந்து எடுப்பதற்கு முன் என்னைப் பார்த்தார்.

"தாதா, கொஞ்சம் சுவர் பக்கம் திரும்பி நில்லுங்கள்."

திரும்பினேன். கண்ணெதிரே என் வெப் டிசைன் சான்றிதழ். பின்னால் விசை தட்டும் சத்தம். மனைவியும் தீதியும் எந்தப் பொம்மை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் கொலுவுக்கு ஆகாது என்று யாருமே தொடாத மீன்காரி பொம்மையைத்தான் தீதி எடுத்தார். அரிவாள்மணைக்கு முன்னால் குத்துக்காலிட்டு, பெரிய ரோஹு மீனைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள்.

"ஹோயே கேச்சே" என்றார் தீதி. ஆகிவிட்டதாம். திரையில் நன்றி என்று வந்திருந்தது. எங்களுக்கும் ஆர்டர் வந்திருந்தது: பெயர், முகவரி, பொம்மை, பணம் கிடைத்தது.

மனைவி திரையருகே குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "கார்டு நம்பர் எங்கே?"

"நமக்குத் தெரியாது. எனக்குக்கூட வராது."

"நல்லவேளை" என்று சொல்லிவிட்டு, மீன்காரியைச் சுற்ற வைக்கோல் எடுக்கப் போனாள்.