பாஸ் இல்லாத படகு

எழுபதுகளின் கடைசியில் நான் நெய்வேலி மைன்ஸில் வண்டிகளுக்கு டீசல் போடும் வேலையில் இருந்தேன். வார ஓய்வு வந்தால் மனைவியோடு பஸ் பிடித்துக் கடலூர் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போவேன்.

ஒருநாள் அங்கே ஒரே கூட்டம். பாய்மரப் படகில் நாடு நாடாகச் சுற்றும் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று வந்து நின்றிருந்தது. காற்று விழுந்துவிட்டது, இன்ஜினுக்கு டீசலும் தீர்ந்துவிட்டது. புருஷன் காலி கேனோடு, படிக்கட்டை ஒட்டிய சின்ன ஓடத்தில் உட்கார்ந்திருந்தான். மடியில் சின்னப் பெண்குழந்தை. கரையில் இறங்கவேண்டும் என்று கையை நீட்டிக் கத்தி அழுதது.

கஸ்டம்ஸ் அதிகாரி வழிமறித்து நின்றார். "இந்தப் படகுக்கு இங்க அனுமதி போட முடியாது. மெட்ராஸ்லதான் முத்திரை வாங்கணும். அதுவரைக்கும் இறங்கவும் கூடாது, டீசலும் கிடையாது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "டீசல் இல்லாம மெட்ராஸுக்கு எப்படி சார் போவாங்க? நீந்தியா?"

"ரூலை நான் எழுதலை" என்று முறைத்தார்.

மனைவி பின்னாலிருந்து கிள்ளினாள். "ஏன் குதிக்கிறீங்க? பாஸ் இல்லாத லாரிக்கு நீங்க மட்டும் டீசல் போட்டுருவீங்களாக்கும்?"

சுருக்கென்றது. சும்மா போடமாட்டேன்தான். ஆனால் பாஸ் முடிந்த கான்ட்ராக்ட் லாரி மைன்ஸுக்குள் மாட்டிக்கொண்டால், செக்யூரிட்டி ஒருவரை அதில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு டீசல் போடுவோம். கேட்டைத் தாண்டும்வரை அவர் இறங்கமாட்டார். அதை அதிகாரியிடம் சொன்னேன். "நீங்களும் ஓர் ஆளை ஏத்தி அனுப்புங்களேன் சார்."

அவர் உள்ளே போய் மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் போட்டார். நாங்கள் வாங்கிய மீன் பையில் நாற ஆரம்பித்த பிறகுதான் வெளியே வந்தார். குறிஞ்சிப்பாடிக்காரரான கஸ்டம்ஸ் காவலர் ஒருவரைக் கூப்பிட்டு, "மெட்ராஸ் வரைக்கும் நீ கூடப் போ" என்றார்.

"ஐயோ, எனக்குக் கடல்னா வாந்தி வருங்க!"

கூட்டமே சிரித்தது. டீசல் வந்தது. குழந்தை மட்டும் இறங்காமலே, அழுதுகொண்டே திரும்பிப் போயிற்று. எனக்கு மனசே ஆறவில்லை.

அடுத்த வாரம் மீனை விட்டுவிட்டு அந்தக் காவலரைத்தான் முதலில் தேடினோம். "வாந்தி எடுத்துக்கினே போய்ச் சேர்ந்தேங்க. முத்திரை குத்திட்டாங்க" என்றார்.

"குழந்தை?" என்றாள் மனைவி.

"அத ஏன் கேக்குறீங்க! தரையில எறக்கி வுட்டதுதான், ஒரே ஓட்டம். அப்பன், ஆத்தா, நானு, மூணு பேரும் தொரத்தினோம். புடிக்கவே முடியலீங்க!"