காணாமல் போன படத்துக்கு ஒரு மனு

2012 வாக்கில் எங்கள் செம்மங்குப்பம் வீட்டில் போர் தண்ணீர் மஞ்சளாக வந்தது. ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் கூட்டம் போட்டு, தண்ணீருக்கு ஒரு கேடும் இல்லை என்று பேசிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு டம்ளர் தண்ணீரைப் படம் எடுத்து, ‘ஐயா இதைக் குடித்துக் காட்டுவாரா?’ என்று எழுதிச் சமூக வலைத்தளத்தில் போட்டேன்.

மறுநாள் படத்தைக் காணோம். விதியை மீறியதால் நீக்கிவிட்டோம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. எந்த விதி, யார் புகார் செய்தது என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

சிதம்பரத்தில் வக்கீலாக இருந்த என் மனைவியின் தம்பியிடம் போனேன். “போலீஸ் எடுத்திருந்தா கோர்ட்டுக்குப் போவலாம் மாமா. கம்பெனிக்காரனே எடுத்துட்டான். அவன் வூட்டு செவுரு, அவன் அழிக்கிறான். நாம என்னா பண்றது?” என்றான்.

மனசு ஆறவில்லை. குறை என்றால் நாங்கள் போகிற இடம் ஒன்றுதான். திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று மனு கொடுத்தேன். வாங்கியவர் இரண்டு தரம் படித்துவிட்டு, “இது எந்த டிபார்ட்மென்ட்ல வரும்?” என்று என்னையே கேட்டார். கடைசியில், இன்டர்நெட் என்று எழுதியிருந்ததால் தொலைபேசி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

சில நாள் கழித்து லைன்மேன் வந்தார். மோடத்தைப் பார்த்தார், போனை எடுத்துக் காதில் வைத்தார். “லைன் நல்லாத்தான் சார் இருக்கு” என்று சொல்லி, குறை தீர்ந்தது என்று எழுதிய தாளை நீட்டினார். அவரிடம் என்னவென்று சண்டை போடுவது? கையெழுத்துப் போட்டேன்.

வெயிலில் வந்த மனுஷன், கிளம்பும்போது குடிக்கத் தண்ணீர் கேட்டார்.