குமுதினி அறுத்த வலை

குமுதினிக்கு வெள்ளிக்கிழமைகள் பிடிக்காது. மற்ற நாட்களில் வளைகுடா நாட்டுப் புஜைராத் துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தே பொழுதை ஓட்டிவிடுவாள். வெள்ளி விடுமுறையில் அறைத்தோழிகள் வானொலியைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அவள் பிறந்த யாழ்ப்பாணத்தில் எந்த ஊரில் ஷெல் விழுந்தது என்று அறிவிப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் அவள் எழுந்து வெளியே போய்விடுவாள். அதனால்தான் எண்பத்தாறாம் ஆண்டின் தொடக்கத்தில், பக்கத்து ஊரான கல்பாவின் அலையாத்திக் காட்டைச் சுத்தம் செய்யப் போகும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டாள்.

கடல் ஏறி இறங்கும் சேற்றுக் காடு அது. கப்பல்கள் கழுவிவிட்ட தார்க்கட்டிகளும் அறுந்து வந்த நைலான் வலைகளும் மரங்களைச் சுற்றிக்கொண்டு கன்றுகளை மூச்சுத் திணற வைக்கும். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போய் அவற்றை அகற்ற வேண்டும். கூட்டத்தை நடத்தியவர் சிவசங்கரன், மதுரைக்காரர், பொறியாளர். பரமக்குடிப் பக்கத்து வேலுச்சாமி கட்டட வேலைக்கு வந்து, தொழிலாளர் முகாமில் தங்கியிருந்தவன்.

"கேம்ப்ல கெடந்தா தூக்கந்தான் வருது அக்கா. இங்க வந்தா பச்சையாவது கண்ணுல படுது" என்பான்.

மாசிக் குளிர் இன்னும் விடாத ஒரு காலையில், ஓடையோரத்துப் பெரிய மரத்தைச் சுற்றியிருந்த வலையை அறுத்துக்கொண்டிருந்தான் வேலுச்சாமி. கடல் திரும்பத் தொடங்கியிருந்தது. சிவசங்கரன் எல்லோரையும் கரையேறச் சொன்னார். "இது ஒண்ணுதான் சார், முடிச்சிர்றேன்" என்று பின்னால் ஒரு அடி வைத்தவன், தொடைவரை சேற்றுக்குள் போனான்.

இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். வேலுச்சாமி அலறினான். சேற்றுக்குள் வலை கணுக்காலைச் சுற்றியிருந்தது. இழுக்க இழுக்க இறுகியது.

"கயிறும் பலகையும் பிக்கப்புல இருக்கு. எடுத்துட்டு வர்றோம். யாராவது ஒருத்தர் இவரோட இருங்க" என்றார் சிவசங்கரன். பிக்கப் வண்டி மணல் பாதையில், காட்டுக்கு வெளியே நின்றது. பலகையைச் சேற்றில் தூக்கி வர ஆட்கள் வேண்டும்.

"நான் நிக்கிறன்" என்றாள் குமுதினி.

அவர்கள் மரங்களுக்குள் மறைந்ததும் காடு அமைதியாகிவிட்டது. தண்ணீர் சத்தமே இல்லாமல் ஏறியது. அவன் இடுப்பைத் தொட்டது, பிறகு வயிற்றை. அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை.

"அக்கா, நீங்க மேல போயிருங்க."

"பேசாமல் இருங்கோ தம்பி. காலை ஆட்டாதேங்கோ."

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. கயிறு வந்தாலும் இழுக்கத்தான் போகிறார்கள். இழுத்தால் இன்னும் இறுகும்.

"கத்தியைத் தாங்கோ."

மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டாள். குளிர் காதுக்குள் குத்தியது. கலங்கலில் ஒன்றும் தெரியவில்லை. அவன் காலைத் தடவிக்கொண்டே சேற்றைத் துழாவினாள். கையில் வலை தட்டுப்பட்டது. அறுத்தாள். மூச்சு முட்டி மேலே வந்தாள். மறுபடி போனாள். இந்த முறை கத்தி மெத்தென்ற எதிலோ இறங்கியது.

வெளியே வந்ததும் அவன் முகத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"வெட்டிப்போட்டனோ?"

"பரவால்ல. அறுங்க."

 இனி வெட்டினால் நரம்பாக இருக்குமோ என்று பயந்தாள். மறுபடி மூழ்கி, கத்திக்கும் தோலுக்கும் நடுவே தன் விரலைக் கொடுத்து, மெல்ல மெல்ல அறுத்தாள். ஏதோ ஒரு முறுக்கு விட்டுக்கொடுத்தது. கால் லேசாகத் திரும்பியது.

அவள் தலை நிமிர்ந்தபோது தண்ணீர் அவன் கழுத்துக்கு வந்திருந்தது. பலகையோடு சிவசங்கரனும் மற்றவர்களும் ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவனைப் பலகையில் மல்லாக்கச் சாய்த்து இழுத்தார்கள். செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு, கால் வெளியே வந்தது. குதிகாலில் நீளமாக வெட்டு. குமுதினியின் விரலிலும் ரத்தம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சிவசங்கரன் கோபமாகவே பேசினார். "நீங்க தனியா தண்ணிக்குள்ள போனது தப்புங்க. ரெண்டு பேரும் போயிருப்பீங்க."

"பிழைதான்" என்றாள் அவள். பல் கிட்டித்ததால் சொல் உடைந்து வந்தது. "ஆனா நிண்டு பாத்துக்கொண்டு இருக்க ஏலாமல் போச்சுது."

அவர் தன் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போட்டார்.

வேலுச்சாமியின் நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தையல் போட்டு அனுப்பினார்கள். பாதி அறுந்த வலை மட்டும் அந்த மரத்திலேயே தொங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமை கடல் வற்றியதும் எல்லோரும் மறுபடி போனார்கள். இடுப்பில் கயிறு கட்டாமல் யாரும் ஓடைக்குள் இறங்கக்கூடாது என்று சிவசங்கரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலுச்சாமியும் வந்திருந்தான். கட்டுப்போட்ட காலைப் பிக்கப்பின் பின்பலகையில் நீட்டிக்கொண்டு, அவர்கள் கிளம்புமுன் வலையின் முடிச்சு மரத்தின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னான்.

ஓடைக்கரையில் எல்லோரும் ஒரு கணம் தயங்கினார்கள். குமுதினி கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றி, மறுநுனியைச் சிவசங்கரனிடம் நீட்டினாள்.  சேற்றில் காலை வைத்து, அது தாங்குகிறதா என்று பார்த்து, அடுத்த காலை எடுத்து வைத்தாள்.