இரண்டு கேள்வி தள்ளி வந்த பதில்கள்

முதல் ஆன்லைன் வகுப்பில் நான் 'வணக்கம்' என்று டைப் செய்து முடிப்பதற்குள் சாட்டில் பதினேழு வணக்கம் வந்து விழுந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரி, பாலர் பள்ளி ஆசிரியர்களுக்கான டிப்ளோமா. கரும்பலகை ஆளான என்னை அதற்கு டியூட்டராகப் போட்டிருந்தார்கள். கிள்ளான், பூச்சோங், கம்போங் மேடான் என்று ஆளுக்கொரு மூலையிலிருந்து ஞாயிறு காலை சேருவார்கள். குழு பிரித்துக் கேள்வியைப் போட்டால் போதும், ஒரே பாசார்தான், சந்தைக்கடை இரைச்சல். பிள்ளைக்கு நாசி லெமாக் சோறு ஊட்டிக்கொண்டே பதில் போடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்த இரைச்சலுக்காக மனசு ஏங்குகிறது.

குழுவேலைக்கு முப்பது மார்க். அதில் பெயில் என்றால் பாடமே பெயில். யார் எந்தக் கேள்விக்கு என்ன சொன்னார் என்று சாட் லாக்கைப் படித்துப் போடுவேன். மார்க் விஷயத்தில் நான் படு கறார். அதில் பெருமை வேறு.

கிள்ளானிலிருந்து தேவி என்றொரு மாணவி. நாற்பத்தெட்டு வயது, எல்லோருக்கும் தேவி அக்கா. ஒரு பாலர் பள்ளியில் பத்து வருடமாக உதவியாளர். ஆண்டு முடிவுக்குள் டிப்ளோமா வராவிட்டால் வேலை இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அவருடைய லாக்கைப் பார்த்தால், கடிக்கிற குழந்தையை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கீழே, அம்மாவைத் தேடி அழுகிற குழந்தையைப் பற்றி எழுதியிருந்தார். எல்லாமே இப்படி. 'பாடத்தைக் கவனிப்பதில்லை' என்று குறித்து ஆறு மார்க் போட்டேன்.

ரிசல்ட் வந்த மறுநாள், லாக்கைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். பாவம், பயந்துகொண்டுதான் வந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். மூணாவது கேள்விக்கு எழுதினது அஞ்சாவதுக்குக் கீழ போயி உக்காந்திருக்கு. நான் டைப் பண்ணி முடிக்கிறதுக்குள்ள கூடப் படிக்கிற பிள்ளைங்க அடுத்ததுக்குப் போயிடுறாங்க."

ஒவ்வொரு பதிலிலிருந்தும் அதன் கேள்விக்குப் பென்சில் கோடு இழுத்திருந்தார். கோட்டைப் பிடித்துக்கொண்டே படித்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை. மற்றவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, பாதி வார்த்தையில் அனுப்புவார்கள். இவரோ ஒவ்வொரு பதிலையும் 'மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு' என்று தொடங்கி, முழுத் தமிழில், கைப்பேசியில் ஒற்றை விரலால் எழுதியிருக்கிறார். எங்கிருந்து வேகம் வரும்? ஏனம்மா இப்படி என்று கேட்டேன்.

"வாத்தியாருக்கு எழுதுறோம். மரியாதை இல்லாம எப்படி சார்?"

அந்தப் பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு, மார்க்கைத் திருத்த வேண்டுமென்று துறைத் தலைவரிடம் போனேன்.

அவர் விட்டுவிடச் சொன்னார். "மார்க் மேலிடத்துக்குப் போயிருச்சு சார். அடுத்த செமஸ்டர் ரிப்பீட் பண்ணட்டும் லா." அதற்குள் தேவி அக்காவுக்கு வேலை போய்விடும் என்றேன். அப்படியானால் தவறு என்னுடையது என்று எழுதித் தரவேண்டுமாம். அத்தனை வருட சர்வீஸில் அப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை. எழுதிக் கொடுத்தேன். ஆறு இருபத்தேழானது, வேலையும் தப்பியது.

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு விதி: எல்லாரும் அனுப்பி முடிக்கும்வரை அடுத்த கேள்விக்குப் போகக்கூடாது. அடுத்த பாடத்தின் முதல் ஞாயிறு, மூன்று நிமிடம் திரையில் 'தேவி டைப் செய்கிறார்' என்பது மட்டும் நின்றது. வாயாடிக் கூட்டம் ஓர் எழுத்துப் போடவில்லை.

வேகமாக எழுதினவருக்கு விஷயம் தெரியும் என்று நம்பியே மார்க் போட்டு வந்திருக்கிறேன். தேவி அக்காவாவது தேடி வந்து கேட்டார். அதற்கு முன்னால் நான் பெயில் போட்டு, கேட்காமலே போனவர்கள் எத்தனை பேரோ, தெரியவில்லை.