மழை பெய்யாத சனிக்கிழமைகள்

பாட்டிலின் அடியில் மிஞ்சுகிற கடைசி மடக்குத் தண்ணீரை அண்ணன் ஒருநாளும் குடித்ததில்லை. வீட்டில் என்றால் ஜன்னலோரச் செடிக்கு. தெருவில் என்றால் கண்ணில் படும் ஏதாவது புல்லுக்கு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தங்கைக்கு அது பார்த்துப் பார்த்துப் பழகி, கண்ணில் படாமலே போய்விட்டது.

சுண்ணாம்புக்கல் குவாரியில் தண்ணீர் லாரி ஓட்டினான் அண்ணன். புழுதி அடங்க நாள் முழுக்கப் பாதையை நனைப்பான். அங்கே அவன் பெயரே 'மழை'. எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன், தங்கையைக் கல்லூரிக்கு அனுப்பினான். இறுதியாண்டு ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது, குவாரிப் பாறையொன்றில் ஒட்டியிருந்த ஜெல்லி லைக்கன்; பாசியும் பூஞ்சையும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உயிர். காய்ந்தால் தீய்ந்த பொருக்கு மாதிரி கறுத்துக் கிடக்கும். நனைந்தால் கொழகொழவென்று உப்பிக் கரும்பச்சையாக மினுங்கும்.

ஒரு வருடம், சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்குப் போய் அதன் தடிமனை அளந்தாள். மழையில்லாத வாரங்களிலும் அது உப்பியே இருந்தது. காற்றின் ஈரமே அதற்குப் போதும் என்று எழுதிவிட்டாள்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "இது மேல தண்ணி பட்டாத்தாம்மா உப்பும். ஒண்ணு, புதுசா கண்டுபிடிச்சிருக்க. இல்ல, தப்பா அளந்திருக்க. ஒரு வாரம் டைம்."

வீட்டுக்கு வந்ததும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அது எப்படி தப்பாகும்?" என்றான் அண்ணன். "நான்தான் தினமும் சாப்பிட்டதும் பாட்டில்ல மிச்சத்த அதுமேல ஊத்துறேனே! நீ வர்றப்ப வாடிக் கிடந்தா மார்க் குறைஞ்சிடாதா?"

"அண்ணா! என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

"மண்ணு இல்ல பாப்பா, தண்ணி. வடிகட்டின தண்ணி."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கைக்கும் சிரிப்பு பீறிட்டது. அடங்கியதும் ஒன்று சுருக்கென்றது. படித்தவள் என்ற மிதப்பில், அந்தப் பாறையைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"எந்த நாள் எத்தனை மணிக்கு ஊத்தினேன்னு தெரியுமா?"

"தெரியாம? சாப்பாட்டுக்கு வண்டி நிறுத்தறது, எடுக்கறது எல்லாம் ட்ரிப் நோட்டுல இருக்குமே. லீவு போட்டதுகூட இருக்கும்."

மறுநாள் குவாரி கிளார்க்கிடம், "ஒரே ஒரு நாள் சார்" என்று கெஞ்சி நோட்டை வாங்கி வந்தான். மழையும் பெய்யாமல் அவனும் வேலைக்குப் போகாத சனிக்கிழமைகள் ஐந்து. அந்த ஐந்து நாளும் லைக்கன் காய்ந்து கிடந்திருக்கிறது. தன் கைப்பிழை என்று அவள் அடித்துப்போட்ட அளவுகள் அவைதான்.

ஒரு மடக்குத் தண்ணீரில் அது எத்தனை நேரம் உப்பியிருக்கிறது என்று ஆய்வைத் திருப்பி எழுதினாள். படித்துவிட்டுப் பேராசிரியை சொன்னார்: "தண்ணி ஊத்தினவர கூட்டிட்டு வா."

அண்ணன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனான். நுண்ணோக்கியில் லைக்கன் துணுக்கைப் பார்த்தவன், "பாப்பா, மணி கோத்து வச்சிருக்கு!" என்று கத்தினான். அரை மணி நேரம் இடத்தை விட்டு எழவில்லை.

இப்போது அவன் டவுன் பஸ் ஓட்டுகிறான். ஏறும்போதெல்லாம் கிளார்க் கேட்கிறார், "மழை, என் நோட்டு?"

"நாளைக்கு சார்."

நோட்டு, ஆய்வேட்டின் பின்னிணைப்பாகத் தைக்கப்பட்டுக் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல அவனுக்கு இன்னும் வாய் வரவில்லை.